கிளியரன்ஸ் கொடுத்தால்தான் பறக்கும்

ரோட்டில் நடந்து போகிற மனிதனையே ‘உனக்குப் பறக்கத் தகுதியில்லை’ என்று தரையிறக்கிய ஆள், உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் கிளியரன்ஸ். ரேஷன் கார்டில் இருப்பது வேறு பெயர். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதலில் என் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லியிருப்பார்.

தரையிறக்கப்பட்டவன் நான்தான். அன்று உச்சி வெயிலில், தோளில் பையுடன், திருப்புலிவனத்தை விட்டு உத்திரமேரூர் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு நெல் வயலின் சேற்றில், மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று தலைகுப்புறக் கிடந்தது. அது விழுந்ததற்குக் காரணம் நான். அந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். பழி, அதை ஓட்டிய செல்வி மேல் விழுந்துகொண்டிருந்தது. அவளிடமிருந்து ட்ரோனைப் பிடுங்கிவிடுவது என்று பேச்சு நடந்தது. நான் வாயைத் திறக்காமல் கிளம்பிவிட்டேன்.

கிளம்புவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, லாரி கிளீனர், கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்குவது, பெருநகரில் ரைஸ் மில் என்று வேலை மாறி மாறி வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சூளையில் கால் வெந்தது. மில்லில் இருமல் வந்தது. இரண்டும் ஆறிவிட்டன. எங்கே பேஜார் ஆகிறதோ அங்கேயிருந்து முதல் பஸ், அவ்வளவுதான் என் கொள்கை.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. சைக்கிள்கள் எல்லாம் முந்திப் போகிற வேகத்தில் இந்தத் தாலுகாவில் மொபெட் ஓட்டுகிறவர் ஒருவர்தான்.

கிளியரன்ஸ் என் அருகில் வண்டியை நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டார். பைக்குள்ளிருந்து அரைச் செங்கல் ஒன்றை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். சக்கரத்தை ஒரு முறை தள்ளிப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“எங்க போறே?”

“பஸ் ஸ்டாண்டு.”

“அங்கேர்ந்து?”

“எந்த பஸ்ஸு மொதல்ல வருதோ அதுல.”

“அப்ப எங்க எறங்கப் போறேன்னே தெரியாம ஏறப் போறே.” என்னை ஒரு சுற்று சுற்றி வந்தார். “பையில ஜிப்பு ஒடஞ்சி கீது. செருப்புல வாருக்கு பதிலு ஊக்கு. காலைல நாஷ்டா துன்னியா?”

“இல்ல.”

“டேங்கும் காலி. உக்காரு நைனா, அந்த மைல்கல்லு மேல. உனுக்கு கிளியரன்ஸ் இல்ல.”

நான் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு விளங்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

விமானங்களை ஓட்டுவது ஒரு கூட்டம். அந்த விமானங்கள் ஓட்டத் தகுதியானவையா என்று பார்ப்பது இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்துக்குத் தலைமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. பைலட்டுக்கு லைசென்ஸ் கொடுப்பது, விமானத்தைச் சோதிப்பது, சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் ‘இறக்கி வை’ என்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த அலுவலகத்தின் சென்னை அதிகாரிகளுக்குப் பதினேழு வருஷம் கான்ட்ராக்டில் கார் ஓட்டியவர் கிளியரன்ஸ். பின்சீட்டில் அதிகாரிகள் பேசிக்கொண்டு வந்ததையெல்லாம் முன்சீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார். கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்கு வந்து திருப்புலிவனம் கூட்ரோட்டில் பஞ்சர் கடை போட்டார். அதிகாரிகள் சென்னையிலேயே இருந்துவிட்டார்கள். அதிகாரம் மட்டும் இவரோடு மொபெட்டில் வந்துவிட்டது.

யாராவது, “யோவ், ஏரோப்ளேன் கீழ வுயுந்தா போய்ப் பாக்குற ஆபீஸா அது?” என்று கேட்டால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும்.

“வுயுந்தப்பறம் வர்ற ஆபீஸு வேற. வுயாம பாத்துக்குற ஆபீஸு வேற. நான் ரெண்டாவது ஆபீஸுக்கு வண்டி ஓட்டுனவன்!”

அவர் கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும், ஸ்க்ரூ டிரைவருக்கும், சுத்தியலுக்கும் அதனதன் உருவத்தைப் பெயின்ட்டால் வரைந்திருந்தார். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் நிழலில் போய்த் தொங்க வேண்டும். ஒரு நிழல் காலியாக இருந்தால் கடையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போகாது. விமானத்தைப் பழுது பார்க்கிற இடத்தில் அப்படித்தானாம். காணாமல் போன ஸ்பேனர் இன்ஜினுக்குள் கிடந்தால் என்ன ஆகும்?

ஒரு நாள் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். கடையில் மூன்று வண்டிகள். மூன்றையும் நிறுத்திவிட்டார். அதில் ஒன்று, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையின் பைக். பஞ்சர் ஒட்டி, காற்றும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை புதுச் சட்டையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கிறார்.

“அண்ணா, ராகு காலம் வர்றதுக்குள்ள போவணும்ணா. பொண்ணு வூட்ல பஜ்ஜி போட்டு வெச்சிக்கினு கீறாங்க.”

“பஜ்ஜி ஆறுனா சூடு பண்ணிக்கலாம். என் ஸ்பேனரு உன் செயின் கவருக்குள்ள கீதுன்னு வெச்சிக்கோ, போற வழியில நீ ஆறிடுவே.”

செயின் கவரைக் கழற்றினார். ஸ்பேனர் இல்லை. அடுத்த இரண்டு வண்டிகளையும் அக்கு அக்காகப் பிரித்தார். கடைசியில் டீக்கடைக்காரர் ஸ்டவ்வை முடுக்க எடுத்துப் போன ஸ்பேனரை, ஒன்றும் அறியாதவராகக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். பெண் அவரைப் பிடித்திருக்கிறது என்றாளாம். இவ்வளவு பொறுமையான ஆளை அவள் பார்த்ததே இல்லையாம். அதைக் கேட்டும் கிளியரன்ஸ் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரரிடம் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு ராட்டினம் வந்தபோதும் இதே கதை. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இவர் ராட்டினக்காரரிடம் போய், “போன ஊர்ல கழட்டும்போது எத்தினி போல்ட்டு? இங்க மாட்டும்போது எத்தினி?” என்றார். ராட்டினக்காரர் முறைத்தார். ஊரே திட்டியது. ஆனாலும் எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. லாரியின் தரையில் கிடந்த அந்த போல்ட்டைத் தேடி எடுத்து மாட்டிய பிறகு ராட்டினம் சுற்றியது. ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. பதிலாக, ஒரு மணி நேரம் வீணாய்ப் போனதற்கு வசவுதான்.

“கோவம் வர்லியாண்ணா?” என்று பின்னால் ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

“நடக்காத ஆக்ஸிடென்டுக்கு எவன் மால போடுவான்?” என்றார். “எங்க ஆபீஸர்ங்களுக்கே யாரும் போட்டதில்ல.”

இந்த மனிதர் இருக்கிற ஊருக்கு ஒரு நாள் ட்ரோன் வந்து சேர்ந்தது. விவசாயிகள் குழு வாங்கிய ட்ரோன். ஆறு கை, ஆறு விசிறி, நடுவில் பத்து லிட்டர் மருந்து டேங்க். அதை ஓட்ட காலனியிலிருந்து செல்வியை மகளிர் குழு அனுப்பிவைத்தது. பத்து நாள் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, டெல்லி ஒப்புக்கொண்ட பைலட் சான்றிதழோடு வந்தாள். அதற்கு முந்திய வருஷம் வரைக்கும் இதே வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவள். இப்போது வரப்பில் செருப்புக் காலோடு நின்று ரிமோட்டைப் பிடித்தாள். பார்த்துப் பொறுக்க முடியாதவர்கள் சிலர் இருந்தார்கள். விவசாயிகள் குழுத் தலைவர் அவர்களில் முக்கியமானவர். அவருடைய அக்கா மகன் ஒருவன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சும்மா இருந்தான்.

மில்லை விட்டு வந்த நான் செல்விக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். மருந்து கலக்க வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், மடக்கிய கைகளை விரித்துப் பூட்ட வேண்டும். பைலட் இருக்கிறாள், உதவியாள் இருக்கிறான், கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லையே என்று கிளியரன்ஸ் தானாகவே வந்து சேர்ந்தார். சம்பளம் கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்லை. வயலைச் சுற்றிக் கயிறு கட்டுவார். காற்று அடிக்கிறதா என்று துண்டைத் தூக்கிப் பார்ப்பார். ஆறு கைகளையும் தொட்டுப் பார்ப்பார். கடைசியில் கையை உயர்த்தி, “கிளியரன்ஸ்!” என்று கத்துவார். அது வரைக்கும் செல்வி பட்டனைத் தொட மாட்டாள்.

“உனுக்கு இந்த ஆளு மேல கோவமே வராதாம்மா?” என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

“ஏன்ணா வரணும்? எனுக்காக ஒருத்தரு கயிறு கட்றாரு. இதுக்கு முன்னால ஊர்ல என்னிய வெளிய நிக்க வெக்கத்தான் கயிறு கட்டுனாங்க” என்று சிரித்தாள்.

விபத்து நடந்த காலையில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து. நான் கைகளை விரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு வளையப் பூட்டு, அதை முழுசாகத் திருக வேண்டும். ஐந்தாவது பூட்டைத் திருகும்போது மும்முனை கரண்ட் வந்துவிட்டது. நிலத்துக்காரர், “மோட்டார் போட்டுட்டேன், தண்ணி புடி, கரண்டு பூடும்!” என்று கத்தினார். கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐந்தாவது பாதியில் நின்றது. திரும்பி வந்து ஆறாவதைத் திருகிவிட்டு, மருந்து கலக்க மறுபடி கேனைத் தூக்கினேன்.

ட்ரோன் எழும்பியது. ஆள் உயரத்துக்கு மேல் போனதும் ஒரு கை மெல்ல மடங்கியது. அடிபட்ட காக்கை மாதிரி ட்ரோன் ஒருக்களித்து, சேற்றில் தலைகுப்புறச் செருகிக்கொண்டது. ஆள் சேதம் இல்லை. ஒரு கையும் இரண்டு விசிறியும் முறிந்தன. தலைவர் அப்போதே ஆரம்பித்துவிட்டார். “பொம்பளைங்க கையில மிஷின குடுத்தா இப்டித்தான்.” அக்கா மகன் அதற்குள் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். செல்வி ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையை எடுக்கப் போனேன்.

இப்போது மைல்கல்லுக்கு வருவோம். கிளியரன்ஸ் நோட்டை எடுத்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

“அஞ்சாவது பூட்டு பாதியில நிக்கிது” என்றார். “சேத்துல கையி வுட்டு பாத்தேன்.”

“தெரியும்ணா. நான்தான்.”

“அத அப்பால எழுதறேன். மொத பேரு வேற எழுதி வெச்சிக் கீறேன்.” நோட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் வரியில் ஒரு பெயர் இருந்தது. எனக்குத் தெரியாத பெயர்.

“யாருண்ணா இது?”

“நான்தாண்டா.”

ரேஷன் கார்டுப் பெயர் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

“மேல பருந்து சுத்திக்கினு இருந்திச்சி. அத பாத்துக்கினே ‘பூட்டெல்லாம் ஆச்சா’ன்னு கேட்டேன். நீ தண்ணி கேன தூக்கிக்கினு ‘ஆச்சு’ன்ன. நான் கிளியரன்ஸ் குடுத்துட்டேன். கையால தொட்டு பாக்க வேண்டியத காதால பாத்துட்டேன்.” பேனாவை மூடினார். “பதினேழு வருசம் கேட்டுக்கினு வந்த பாடம். ஒரு பருந்துல பூட்ச்சி.”

“நீங்க இதச் சொன்னா ஊரே சிரிக்கும்ணா. இனிமே ஒருத்தனும் உங்க பேச்ச கேக்க மாட்டான்.”

“சொல்லலன்னா அந்தப் பொண்ணுக்கு ட்ரோன் பூடும்.”

ஒரு பஸ் வந்தது. எந்த ஊர் பஸ் என்று போர்டைக் கூட நான் பார்க்கவில்லை. அது போய்விட்டது.

“ஆபீஸர்ங்க ஒண்ணு சொல்லுவாங்க” என்றார். “தப்பு பண்ணிட்டு வந்து சொல்றவன அடிச்சா, அடுத்தவன் சொல்ல மாட்டான். சொல்லாத தப்பு மறுபடி நடக்கும். அதனால சொன்னவன அடிக்காத, மறைச்சவன வுடாத. நீ இன்னும் மறைக்கல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உனுக்கு டைம் இருந்திச்சி, நான் அதுக்குள்ள வந்துட்டேன்.”

நான் எழுந்தேன். அவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. செங்கல்லை எடுத்துப் பைக்குள் வைத்தார். டயரை அழுத்தினார், பிரேக்கைப் பிடித்தார், பின்சீட்டில் உட்கார்ந்த என்னிடம், “லுங்கி நுனிய சொருவிக்கோ. கால ரெண்டு பக்கமும் போடு. வண்டி சாஞ்சா நீ என்னிய புடிக்காத, வண்டிய புடி” என்றார். என் வாழ்க்கையிலேயே பெரிய காரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஐந்து கிலோமீட்டர் வேகத்தில். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா எங்களை முந்தினார்.

வயலில் கூட்டம் கலையவில்லை. கிளியரன்ஸ் நோட்டைப் பிரித்து, கோர்ட்டில் வாசிப்பது போல வாசித்தார். முதலில் தன் தப்பு. இரண்டாவது என் தப்பு. நான், “ஆமா, நான்தான்” என்றேன். கூட்டத்துக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போது செல்வி முன்னால் வந்தாள்.

“மூணாவதா என் பேரையும் எழுதுண்ணா. பறக்க விடுறதுக்கு மின்னாடி பைலட்டு ஒரு வாட்டி பாக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டீங்கன்னு நான் பாக்கல.”

தலைவருக்குக் குழப்பமாகிவிட்டது. ஒரு ஆளைத் திட்டத் தயாராக வந்தவர் முன்னால் மூன்று பேர் வரிசையில் நின்றோம்.

“யோவ் கிளியரன்ஸு, மூணு பேரும் தப்புன்னா யாரத்தான் நான் நிறுத்தறது?”

“தப்ப நிறுத்து.”

“அதெல்லாம் சரி. நாளைலேர்ந்து ரிமோட்டு நம்ம பையன் கையில இருக்கட்டும்.”

“பைலட்டு சர்டிபிகேட்டு கீதா அவனாண்ட?”

“எடுத்துக்கலாம்யா.”

“எடுத்துக்கினு வரட்டும். அது வரைக்கும் அவன் கையி அதும் மேல படக்கூடாது. நான் சொல்லல, டெல்லி சொல்லுது. பரீட்ச எழுதி வாங்குனது அந்தப் பொண்ணு. நீ குடுத்ததில்ல, நீ புடுங்கறதுக்கு.”

செல்வி அக்கா மகனைப் பார்த்து, “பத்து நாளுதான் தம்பி. போய்ட்டு வா. வெயில்ல நிக்கணும், கண்ணாடிதான் கீதே உங்கிட்ட. வந்தா ரெண்டு பேரா ஓட்டலாம்” என்றாள். அவன் கால்சட்டையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டான். நிலத்துக்காரர், “புழு தின்னுக்கினு கீது, உங்க பஞ்சாயத்த சீக்கிரம் முடிங்கப்பா. இந்தப் பொண்ணே மருந்து அடிக்கட்டும்” என்றார். தலைவர், “அடிச்சித் தொலைங்க” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பெட்டியில் உதிரிக் கையும் விசிறிகளும் இருந்தன. சாயங்காலத்துக்குள் செல்வி மாட்டிவிட்டாள். கிளியரன்ஸ் சிவப்பு பெயின்ட் கேட்டார். கிடைக்கவில்லை. செல்வியின் பையில் நெயில் பாலிஷ் இருந்தது. பூட்டை முழுசாகத் திருகி, பூட்டின் மேலும் கையின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக இருந்தால் பூட்டு முழுசாகத் திருகியிருக்கிறது. விலகியிருந்தால் இல்லை. விமான போல்ட்டுகளில் இப்படித்தான் கோடு போட்டிருக்குமாம்.

“ட்ரோனுக்கு மருதாணி வெக்கிறியா?” என்றார் தலைவர்.

“உன் கண்ணுக்கும் தெரியணும்ல” என்றார் கிளியரன்ஸ். பிறகு எல்லோர் முன்னாலும் ஒரு உத்தரவு போட்டார். தப்பாகக் கிளியரன்ஸ் கொடுத்ததால், ஒரு வாரத்துக்குத் தன்னைத் தானே தரையிறக்கிக்கொள்வதாக. அந்த ஒரு வாரம் கயிற்றுக்குள் கால் வைக்க மாட்டாராம்.

“அப்ப யாரு பாக்கறது?” என்றாள் செல்வி.

என்னைக் காட்டினார்.

“பூட்ட மறந்தவனையா?” என்றார் தலைவர்.

“வேற எவன் மறந்தாலும் இவன் மறக்க மாட்டான்.”

மறுநாள் காலை நான் அந்த வேலையில் சேர்ந்தேன். காற்று இல்லை. நெல் இலைகளில் பனி இருந்தது. ஆறு பூட்டையும் கையால் தொட்டேன். ஆறு கோடும் நேராக இருந்தன. செல்வி தன் பங்குக்கு ஒரு சுற்று வந்தாள். கயிற்றுக்கு வெளியே, வரப்பில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளியரன்ஸ் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்ப்பதும் விதிமீறல் என்று அவரே முடிவு செய்திருந்தார். காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

நான் கையை உயர்த்தி, “கிளியரன்ஸ்!” என்றேன்.

“இன்னா? கேக்கல” என்றார், திரும்பாமலே.

அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் இன்னொரு தரம், அவருக்காக, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.